சொல்லில் எழுந்த நாடு

நிலம் இருக்கும், மக்கள் குடியேறுவர், அதன் பின்னர் அதற்கு ஒரு பெயர் அமையும். நாடுகள் தோன்றும் முறை பெரும்பாலும் இதுவே. இருபதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் தோன்றிய ஒரு நாடு மட்டும் இம்முறையை மாற்றிக்கொண்டது. அது முதலில் சொல்லாகப் பிறந்தது. பிறகு அதற்குக் குடிகள் வந்தனர். வீதிகளும் வீட்டெண்களும் ஏற்பட்டன. விடுதலைப் பிரகடனம் ஒன்றும் எழுதப்பட்டது. இவையெல்லாம் நிகழ்ந்து முடிந்த பின்னரே, அந்நாடு நிற்கும் நிலம் யாருக்குச் சொந்தம் என்னும் கேள்வி எழுந்தது.

ஆங்கிலத்தில் ‘சைபர் ஸ்பேஸ்’ என்றும் தமிழில் மின்வெளி என்றும் வழங்கும் அந்நாட்டின் கதை, கணிப்பொறி வல்லுநர்களுக்கு எவ்வளவு உரியதோ அவ்வளவு கவிஞர்களுக்கும் உரியது. அச்சொல்லைப் படைத்தவர் ஒரு கதாசிரியர். அதன் விடுதலைப் பிரகடனத்தை எழுதியவர் ஒரு பாடலாசிரியர். அதன் முதற்குடிகள், எழுத்தைத் தவிர வேறு கருவி ஏதும் இல்லாமல் ஒருவரோடு ஒருவர் உறவு கொண்டவர்கள். சொல்லால் ஓர் உலகை எழுப்ப முடியும் என்பதற்கு இதனினும் பெரிய சான்று அண்மைக் காலத்தில் இல்லை. அவ்வாறு எழுப்பிய உலகைச் சொல்லால் மட்டும் காத்துக்கொள்ள முடியாது என்பதற்கும் இதுவே சான்று.

மீகாமனும் சுக்கானும்

வில்லியம் கிப்ஸன் அமெரிக்காவில் பிறந்து கனடாவின் வான்கூவர் நகரில் குடியேறிய எழுத்தாளர். 1982ஆம் ஆண்டு வெளிவந்த ‘பர்னிங் குரோம்’ என்னும் சிறுகதையில் அவர் ‘சைபர் ஸ்பேஸ்’ என்னும் சொல்லைக் கையாண்டார். 1984இல் வெளிவந்த ‘நியூரோமான்ஸர்’ நாவல் அதனை உலகெங்கும் கொண்டுசென்றது. எதிர்காலக் கணிப்பொறி உலகைப் பாடிய அந்நாவலை அவர் எழுதியது சாதாரணத் தட்டச்சுப் பொறியில். கணிப்பொறிகளைப் பற்றி அன்று அவர் அறிந்திருந்தது மிகக் குறைவு.

வான்கூவரின் விளையாட்டுக் கூடங்களில் சிறுவர்கள் திரைமேல் கவிந்து நின்று ஆடுவதை அவர் கண்டிருந்தார். கண்ணாடிக்குப் பின்னால் ஓர் இடம் இருப்பதாகவே அவர்கள் உடல்கள் நம்பின. கண்ணுக்குத் தெரியாத அவ்விடத்திற்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. தாம் அமைத்த சொல்லுக்கு அப்போது திட்டமான பொருள் ஏதும் இல்லை என்றும், அதன் ஓசையும் அது எழுப்பிய மயக்கமுமே தம்மை ஈர்த்தன என்றும் பின்னாளில் அவர் ஒப்புக்கொண்டார். பொருளுக்கு முன் ஓசை வந்து நிற்பது கவிஞர்கள் அறியாத அனுபவம் அன்று.

எனினும் சொல்லின் வேரில் ஒரு பொருள் உறங்கிக் கிடந்தது. கணித அறிஞர் நார்பர்ட் வீனர், இயந்திரங்களிலும் உயிர்களிலும் நிகழும் கட்டுப்பாட்டை ஆராயும் துறைக்கு 1948இல் ‘சைபர்னெட்டிக்ஸ்’ என்று பெயரிட்டார். கலத்தின் சுக்கானைப் பிடிக்கும் மீகாமனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லே அதன் மூலம். அதே மூலம் இலத்தீன் வழியாகத் திரிந்து, அரசாங்கத்தைக் குறிக்கும் ‘கவர்ன்மென்ட்’ என்னும் ஆங்கிலச் சொல்லாயிற்று. ஆள்வோர் இல்லாத வெளி என்று பிற்காலத்தில் போற்றப்பட்ட இடத்தின் பெயரிலேயே ஆளுகை இருந்தது. சுக்கானைப் பிடித்திருக்கும் கை எது என்பதே அந்நாட்டின் வரலாறு முழுவதும் தொடரும் கேள்வி.

அச்சொல் பிறப்பதற்கு முன்பே கம்பிகள் இடப்பட்டுவிட்டன. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் பணத்தில் உருவான ‘அர்ப்பாநெட்’ வலையில் 1969ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் முதற்செய்தி சென்றது. லாஸ் ஏஞ்சல்ஸ் பல்கலைக்கழகத்திலிருந்து ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிலையத்திற்கு ‘லாகின்’ என்னும் சொல்லை அனுப்ப முயன்றனர். முதல் இரண்டு எழுத்துகள் சென்றதும் மறுமுனைக் கணிப்பொறி செயலிழந்தது. இணையத்தின் முதற்சொல் பாதியில் நின்ற சொல்.

ஊர்க்கிணறு

அந்த வலையின் முதல் ஊர்களுள் புகழ்பெற்ற ஒன்று கலிபோர்னியாவின் சாசலிட்டோ நகரில் 1985ஆம் ஆண்டு தோன்றியது. தோற்றுவித்தோர் இருவர். ஒருவர், 1968 முதல் ‘ஹோல் எர்த் கேட்டலாக்’ என்னும் வெளியீட்டின் வழியே அமெரிக்க இளைஞர்களின் மாற்று வாழ்க்கைக் கனவுகளுக்கு வடிவம் தந்த ஸ்டூவர்ட் பிராண்ட். மற்றவர் மருத்துவர் லாரி பிரில்லியன்ட். 1970களில் இந்தியாவில் பெரியம்மை ஒழிப்புப் பணியில் ஈடுபட்டவர். இவர்கள் தங்கள் அமைப்புக்கு ‘ஹோல் எர்த் லெக்ட்ரானிக் லிங்க்’ என்று பெயரிட்டனர். அதன் முதலெழுத்துகள் ‘வெல்’ என்று அமைந்தன. ஆங்கிலத்தில் அதற்குக் கிணறு என்பது பொருள்.

பெயர் பொருத்தமாக அமைந்தது. நீர் இறைக்க வந்தவர்கள் பேசிக்கொண்டு நிற்கும் ஊர்க்கிணறு போலவே அது வளர்ந்தது. தொலைபேசிக் கம்பியில் மோடத்தைப் பொருத்தி, அது எழுப்பும் கீச்சொலி அடங்கும்வரை காத்திருந்து, கறுப்புத் திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தோன்றக் கண்டவர்கள் அதன் குடிகள். படம் இல்லை, இசை இல்லை, முகம் இல்லை. எழுதுகிறவருடைய நடையே அவருடைய முகமாக இருந்தது. எழுதியவரே தம் சொற்களுக்கு உரியவர், அவற்றுக்குப் பொறுப்பும் அவரே என்பது பிராண்ட் வகுத்த அடிப்படை விதி. தம் உண்மைப் பெயரை மறைத்துக்கொண்டு அங்கே எவரும் உறுப்பினராக இயலாது.

இந்த ஊரின் வாழ்க்கையை ஹோவர்டு ரைன்கோல்டு 1993இல் வெளியிட்ட ‘தி வர்ச்சுவல் கம்யூனிட்டி’ என்னும் நூலில் பதிவு செய்தார். அதன் தொடக்கத்தில் அவர் கூறும் நிகழ்ச்சி சிறியது. 1986ஆம் ஆண்டுக் கோடையில் அவருடைய இரண்டு வயது மகளின் தலையில் உண்ணி ஒன்று ஒட்டிக்கொண்டது. மனைவி மருத்துவமனைக்குத் தொலைபேசியில் செய்தி சொல்லிவிட்டுக் காத்திருந்தார். ரைன்கோல்டு ‘வெல்’லில் தம் கவலையை எழுதினார். மருத்துவமனையிலிருந்து பதில் வருமுன், ‘வெல்’லில் எழுதும் மருத்துவர் ஒருவர் சொன்ன முறையில் உண்ணி அகற்றப்பட்டுவிட்டது. இந்நிகழ்ச்சியில் புரட்சி ஏதும் இல்லை. ஆயினும், நேரில் கண்டிராத ஒருவர் நள்ளிரவில் பிறர் வீட்டுக் குழந்தைக்காகக் கவலைப்படுவார் என்னும் நம்பிக்கை அதில் இருக்கிறது. மின்வெளி தந்த வாக்குறுதிகளுள் மிகப் பெரியது இதுவே.

அந்நாள்களைக் குறையற்ற பொற்காலமாகக் காட்டுவது வரலாறு ஆகாது. வசை அங்கும் இருந்தது, பகையும் இருந்தது. எழுத்தால் மட்டுமே கட்டப்பட்ட ‘லாம்டாமூ’ என்னும் மற்றொரு மின்வெளி ஊரில், 1993ஆம் ஆண்டு ஒருவர் பிற உறுப்பினர்களின் பாத்திரங்கள்மீது பாலியல் வன்கொடுமையை எழுத்தில் நிகழ்த்தினார். வெறும் எழுத்துதானே என்று கடந்துபோக இயலாத காயம் அது. அந்த ஊர் மக்கள் கூடி நீதி, தண்டனை, வாக்கெடுப்பு ஆகியவற்றை முதலிலிருந்து சிந்திக்க வேண்டியதாயிற்று. அக்காலத்தின் சிறப்பு தீமை இல்லாமையில் இல்லை. தீமை நேர்ந்தபோது அதனை ஊராரே கூடிப் பேசித் தீர்க்க முயன்றனர் என்பதில் இருக்கிறது.

பிரகடனம்

‘வெல்’லின் குடிகளுள் ஒருவர் ஜான் பெரி பார்லோ. வயோமிங் மாநிலத்தில் பல ஆண்டுகள் கால்நடைப் பண்ணை நடத்தியவர். ‘கிரேட்ஃபுல் டெட்’ என்னும் இசைக்குழுவுக்குப் பாடல்கள் எழுதியவர். கதையில் பிறந்த ‘சைபர் ஸ்பேஸ்’ என்னும் சொல்லை உண்மையான கணிப்பொறி வலைகளுக்குப் பெயராக்கிய முன்னோடிகளுள் அவர் ஒருவர். 1990ஆம் ஆண்டு, மென்பொருள் திருட்டு ஒன்றை விசாரிக்க மத்தியப் புலனாய்வு அதிகாரி ஒருவர் அவரைத் தேடிவந்தார். எந்தக் குற்றத்தை விசாரிக்க வந்தாரோ அந்தக் குற்றம் இன்னதென்றே அதிகாரிக்குப் பார்லோ விளக்க வேண்டியிருந்தது. அறியாதவற்றை ஆளப் புறப்படும் அரசுகளைப் பற்றிய அச்சம் அவருக்குள் அப்போது வேரூன்றியது. அவ்வாண்டே மிட்ச் கேப்பர், ஜான் கில்மோர் ஆகியோருடன் சேர்ந்து மின்வெளி உரிமைகளுக்காக ‘எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன்’ என்னும் அமைப்பைத் தோற்றுவித்தார். ‘ஃபிரான்டியர்’ என்றால் எல்லைப்புற நிலம். பண்ணையாரின் உவமை நிலத்திலிருந்தே பிறந்தது.

1996ஆம் ஆண்டு பிப்ரவரி 8ஆம் நாள் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கிளின்டன் புதிய தொலைத்தொடர்புச் சட்டத்தில் கையெழுத்திட்டார். இணையத்தில் ‘ஒழுங்கற்ற’ பேச்சைக் குற்றமாக்கும் பகுதியும் அதில் இருந்தது. பார்லோ அன்று சுவிட்சர்லாந்தின் தாவோஸ் நகரில் உலகப் பொருளாதார மாநாட்டுக்கு வந்திருந்தார். அங்கிருந்தே அவர் ‘மின்வெளியின் விடுதலைப் பிரகடனம்’ எழுதி வலையில் அனுப்பினார். அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தின் மிடுக்கைத் தழுவிய நடை அதனுடையது. மின்வெளியில் அரசுகளுக்கு அதிகாரம் இல்லை. இனம், செல்வம், படைவலிமை, பிறப்பு ஆகியவற்றால் உயர்வு தாழ்வு இல்லாத உலகம் அங்கே உருவாகிறது. எவரும் எங்கிருந்தும் அஞ்சாமல் பேசலாம் என்பன அதன் சாரம். சில மாதங்களில் பல்லாயிரம் பக்கங்களில் அது படியெடுக்கப்பட்டது.

வெற்றியும் கிடைத்தது. 1997ஆம் ஆண்டு ஜூன் 26ஆம் நாள் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பேச்சுரிமைக்கு முரணானவை என்று அச்சட்டத்தின் முதன்மையான தடை விதிகளை நீக்கியது. அன்று மகிழ்ந்தவர்களுக்கு அதற்குரிய காரணம் இருந்தது.

ஆனால் பிரகடனத்தை இன்று மீண்டும் படிப்போர்க்கு ஒன்று புலப்படும். அது அரசுகளை நோக்கிப் பேசியது. பழைய தகவல் தொழில்களைப் பற்றி அதில் ஒரு கண்டனமும் உண்டு. புதிய நிலவுடைமையாளர்களைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. அது எழுதப்படுவதற்கு ஒன்பது மாதங்களுக்கு முன்னர், 1995ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள், அமெரிக்க இணையத்தின் முதுகெலும்பாக விளங்கிய அரசு வலை மூடப்பட்டு, அதன் பணி தனியார் நிறுவனங்களின் கைக்கு மாறியிருந்தது. வாசலில் அரசு வருகிறதா என்று காவலர்கள் பார்த்திருந்த நேரத்தில், வீட்டுமனை விற்பனைக்குப் போய்விட்டது.

பட்டா இல்லாத மனைகள்

மனை என்பது இங்கே உவமை மட்டும் அன்று. 1994ஆம் ஆண்டு டேவிட் போனெட், ஜான் ரெஸ்னர் ஆகிய இருவர் கலிபோர்னியாவில் ஒரு நிறுவனம் தொடங்கினர். விரைவில் அது ‘ஜியோசிட்டிஸ்’ என்று பெயர் பெற்றது. விரும்பியவர் எவருக்கும் மின்வெளியில் இலவசமாக ஒரு மனை தருவது அதன் தொழில். மனைகள் பேட்டைகளாகப் பிரிக்கப்பட்டிருந்தன. திரைப்பட அன்பர்க்கு ‘ஹாலிவுட்’, அறிவியல் புனைகதைக்கு ‘ஏரியா 51’, கல்விக்கும் தத்துவத்துக்கும் ‘ஏதென்ஸ்’. ஒவ்வொரு மனைக்கும் வீட்டெண் உண்டு. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வேதியியல் அறிஞராகப் பணியாற்றிய கு. கல்யாணசுந்தரம் நடத்திய தமிழ் மின்னூலகத்திற்கும் அந்த ‘ஏதென்ஸ்’ பேட்டையில் ஒரு முகவரி இருந்தது.

அம்மனைகளின் தோற்றம் கற்றவர்களின் நகைப்புக்கு இடமாயிற்று. விண்மீன் சிதறிய கருநீலப் பின்னணி, மின்னி மறையும் எழுத்துகள், வந்தவர்களை எண்ணிக் காட்டும் எண்பலகை, விருந்தினர் கையெழுத்திடும் ஏடு, மண்வெட்டியோடு நிற்கும் சிறு மனித உருவத்தின் அருகில் ‘கட்டுமானம் நடைபெறுகிறது’ என்னும் அறிவிப்பு. பூனையைப் பற்றி ஒரு பக்கம், இறந்துபோன தாயைப் பற்றி ஒரு பக்கம், எவரும் அச்சிட முன்வராத கவிதைகளுக்கு ஒரு பக்கம். அழகுணர்ச்சி குறைவாக இருந்திருக்கலாம். ஆயினும் ஒவ்வொரு பக்கத்தையும் அதன் உரிமையாளர் தம் கையால் கட்டினார். இருவர் வீடு ஒன்றுபோல் இல்லை.

அக்குடிகளுக்கு நிறுவனம் ‘ஹோம்ஸ்டெடர்’ என்று பெயர் சூட்டியிருந்தது. அமெரிக்க வரலாற்றில் அச்சொல்லுக்குக் கனம் உண்டு. 1862ஆம் ஆண்டுச் சட்டம், மேற்கே சென்று குடியேறுவோர்க்கு 160 ஏக்கர் நிலம் தந்தது. அந்நிலம் பூர்வகுடிகளிடமிருந்து பறிக்கப்பட்டது என்பது அச்சட்டத்தின் தீராத களங்கம். எனினும் குடியேறியவர் ஐந்தாண்டுகள் அங்கே வாழ்ந்து பயிரிட்டால் நிலம் அவர் பெயருக்கே எழுதப்பட்டது. ஜியோசிட்டிஸ் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டது. பட்டாவை மட்டும் தரவில்லை.

1999ஆம் ஆண்டு ஜனவரியில் யாஹூ நிறுவனம் ஏறத்தாழ 357 கோடி டாலர் மதிப்புக்கு ஜியோசிட்டிஸை வாங்குவதாக அறிவித்தது. அம்மதிப்பு முழுவதும் குடிகள் எழுதியவற்றாலும் அவர்கள் அழைத்துவந்த விருந்தினர்களாலும் விளைந்தது. அவ்வாண்டின் நடுப்பகுதியில், குடிகளின் எழுத்துகள்மீது தனக்குப் பரந்த உரிமை உண்டு என்னும் விதியை யாஹூ கொண்டுவந்தது. குடிகள் தம் பக்கங்களைச் சாம்பல் நிறமாக்கி எதிர்ப்புக் காட்டினர். விதி திருத்தப்பட்டது. ஆனால் ஊர் பழைய ஊராக நீடிக்கவில்லை. 2009ஆம் ஆண்டு அக்டோபர் 26ஆம் நாள் ஜியோசிட்டிஸ் மூடப்பட்டது. முன்னறிவிப்புக்கும் மூடலுக்கும் இடையே இருந்தவை சில மாதங்களே. ‘ஆர்க்கைவ் டீம்’ என்னும் தன்னார்வலர் குழு இரவு பகலாகப் படியெடுத்துப் பெரும்பகுதியைக் காத்தது. எத்தனை பக்கங்கள் அழிந்தன என்று எவராலும் சொல்ல இயலாது.

வெள்ளத்தில் அழிந்த ஊருக்கு ஒரு துயரம் உண்டு. போரில் அழிந்த ஊருக்கு ஒரு பகைவன் உண்டு. ஜியோசிட்டிஸுக்கு இரண்டும் இல்லை. கணக்கேட்டில் அது இலாபம் தரவில்லை, அவ்வளவே.

எழுத்துக்கு இடம் இல்லாத நாடு

பிறப்பால் உயர்வு தாழ்வு இல்லை என்று பார்லோ அறிவித்த நாட்டில், மொழியால் உயர்வு தாழ்வு இருந்தது. அக்கால வலையின் அடித்தளமான ‘ஆஸ்கி’ என்னும் எழுத்துக் குறியீட்டில் இருந்த இடங்கள் 128 மட்டுமே. ஆங்கில எழுத்துகளும் எண்களும் குறிகளும் அவற்றை நிரப்பிவிட்டன. தமிழுக்கு அங்கே ஓர் இருக்கையும் இல்லை. தமிழர்கள் ரோமன் எழுத்தில் தமிழ் எழுதியே அவ்வாசலில் நுழைந்தனர். 1995ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15ஆம் நாள் விதேஷ் சஞ்சார் நிகாம் நிறுவனம் இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தபோதும் நிலைமை அதுவே.

அவ்வாண்டு அக்டோபரில் சிங்கப்பூரில், அந்நாட்டின் நான்கு மொழிக் கவிதைகளும் வலையேற்றப்பட்டன. தமிழ் எழுத்துகள் தம் சொந்த வடிவில் வலையில் தோன்ற உழைத்தவர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி. தமிழ் வலைக்குள் நுழைந்த தொடக்க நாளிலேயே அதன் கையில் இருந்தது கவிதை. 1999இல் மறைந்த அவர், அந்நுழைவின் முழுப் பயனைக் காண வாழ்ந்திருக்கவில்லை.

அடுத்து வந்தது எழுத்துருக் குழப்பம். ஓர் எழுத்துருவில் எழுதியது மற்றொன்றில் பொருளற்ற குறிகளாகத் தெரிந்தது. அக்குழப்பத்தின் நடுவிலேயே, 1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் ‘மதுரைத் திட்டம்’ தொடங்கியது. கல்யாணசுந்தரமும் அமெரிக்காவில் வாழ்ந்த பு. குமார் மல்லிகார்ஜுனனும் அதனை வழிநடத்தினர். பல நாடுகளில் வாழ்ந்த தமிழர்கள் ஊதியம் இன்றிப் பழைய நூல்களைத் தட்டச்சு செய்தனர். வேறு சிலர் மெய்ப்புப் பார்த்தனர். விற்பனை இல்லை, விளம்பரம் இல்லை, எவரும் படியெடுத்துக்கொள்ளலாம். எழுத்துருக் குறியீடுகள் மாறியபோது நூல்களும் புதிய குறியீட்டுக்கு மாற்றப்பட்டன.

357 கோடி டாலர் மதிப்புப் பெற்ற ஊர் அழிந்தது. ஒரு காசும் மதிப்பிடப்படாத இந்நூலகம் நிலைத்தது. இரண்டையும் சேர்த்து நோக்கினால் இழப்பின் காரணம் விளங்கும்.

எஞ்சியவை

மின்வெளியின் வாக்குறுதி எப்படித் தவறியது என்பதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விடைகள் இரண்டு. மக்கள் பெருகியதால் ஊர் கெட்டது என்பது ஒன்று. அது பழங்குடிகளின் செருக்கு; பிறர் வரக்கூடாத விடுதலை விடுதலை ஆகாது. அரசுகள் வந்து கெடுத்தன என்பது மற்றொன்று. அதில் உண்மை உண்டு. 2019ஆம் ஆண்டு ஆகஸ்டில் காஷ்மீரில் இணையம் துண்டிக்கப்பட்டது. அதிவேக அலைபேசி இணைப்பு முழுமையாகத் திரும்பியது 2021 பிப்ரவரியில். மின்வெளியில் அரசின் கை நுழையாது என்ற பிரகடனம் அங்கே பொய்த்தது. ஆயினும் அரசு தொடாத இடங்களிலும் ஊர்கள் அழிந்தன. அவற்றை அழித்தது, மண் யாருடையது என்று கேளாமல் வீடு கட்டிய நம்பிக்கை.

கேட்டவர்களும் உண்டு. ஜெனிவாவின் ‘செர்ன்’ ஆய்வு நிலையத்தில் டிம் பெர்னர்ஸ் லீ உருவாக்கிய உலகளாவிய வலையின் மென்பொருளை, அந்நிலையம் 1993ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள் எவர்க்கும் உரிய பொதுச்சொத்தாக அறிவித்தது. அவ்வாண்டின் தொடக்கத்தில், அதற்குப் போட்டியாக விளங்கிய ‘கோஃபர்’ முறைக்கு மினசோட்டா பல்கலைக்கழகம் கட்டணம் விதிக்கப்போவதாக அறிவித்திருந்தது. கோஃபர் மங்கியது, வலை உலகை நிறைத்தது. கொடையாகத் தரப்பட்டது என்பது அதன் வெற்றிக்கு ஒரு முக்கியக் காரணம்.

பார்லோ 2018ஆம் ஆண்டு பிப்ரவரி 7ஆம் நாள், பிரகடனத்தின் இருபத்திரண்டாம் ஆண்டு நிறைவுக்கு ஒரு நாள் முன்னதாகக் காலமானார். அவர் எழுதியதை வெறுங்கனவு என்று தள்ளுவோர் உண்டு. ஆனால் அக்கனவே பலரை அவ்வெளிக்கு அழைத்துவந்தது. அதனால் வந்தவர்களே பின்னர் அதன் உரிமைகளுக்காக வழக்காடினர். அதில் விடுபட்டிருந்தது ஒரு பத்தி மட்டுமே.

அந்தப் பத்தியைப் பின்னாளில் எழுதியவர்கள் ஊர்க்கிணற்றின் குடிகள். 1994இல் ‘வெல்’ ஒரு செல்வரின் உடைமையாயிற்று. 1999இல் ‘சலான்’ இதழ் நிறுவனத்தின் கைக்குச் சென்றது. 2012ஆம் ஆண்டு அந்நிறுவனம் அதனை விற்க முற்பட்டபோது, நெடுங்கால உறுப்பினர் பதினொருவர் கூடி நான்கு லட்சம் டாலருக்கு அதனைத் தாங்களே வாங்கினர். உலகை மாற்றும் செய்தி அன்று அது. நாளிதழ்களில் ஒரு மூலையில் வந்து மறைந்தது. அந்த ஊர் சிறியது, பழையது, புதிதாக வருவோர் குறைவு. எனினும் முதல் நாள் பேச்சு முதல் அங்கே எழுதியவை அதன் குடிகளுடைய பொறுப்பில் வந்தன. தம் சொல்லுக்குத் தாமே உரியவர் என்ற விதியை 1985இல் ஏற்றவர்கள், சொல் நிற்கும் நிலத்துக்கும் உரியவர் ஆவதற்கு இருபத்தேழு ஆண்டுகள் ஆயின.

ஓர் இலக்கிய வட்டம் பத்தாண்டு நிற்பதற்கும் காரணம் அதன் கவிதைகள் மட்டும் அல்ல. கூடும் அறையின் சாவி எவரிடம், கூட்டக் குறிப்பேடு எவர் வீட்டு அலமாரியில், மலரின் அச்சுச் செலவை ஏற்றவர் எவர் என்பனவும் அவ்வரலாற்றில் அடங்கும். மின்வெளியின் முதற்குடிகள் அழகிய சொற்களைக் கண்டனர். சாவியைக் கேட்க மறந்தனர். பாதியில் நின்ற சொல்லோடு தொடங்கிய அந்நாட்டின் வாசலில், மண்வெட்டி ஏந்திய அச்சிறு உருவத்தின் அருகே எழுதியிருந்த அறிவிப்பு இன்னும் பொய்யாகவில்லை: கட்டுமானம் நடைபெறுகிறது.